இடுப்பெலும்பு உடைந்தால் சிறுநீர்க் குழாய்க்கு என்ன ஆகும்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற சிறுநீரக அறுவை மருத்துவரான நம் குடியிருப்பாளர் பேசியது)

சாலைப் பாதுகாப்பு பத்திப் பேசச் சொன்னார் செயலாளர். ஹெல்மெட் பத்திப் பேச நிறையப் பேர் இருக்காங்க. யாரும் வெளியே சொல்லக் கூச்சப்படற ஒரு காயத்தைப் பத்தி நான் சொல்றேன்.

நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ்ல பைக்கை லாரி இடிச்சா இடுப்பெலும்பு உடையலாம். ஆண்களுக்கு, ப்ராஸ்டேட்டுக்குக் கீழே சிறுநீர்க் குழாய் அந்த எலும்போட பிணைஞ்சிருக்கு. எலும்பு விலகும்போது குழாயும் பிய்ஞ்சுடும். பெண்களுக்கு இது அபூர்வம், குழாய் நீளம் குறைவுங்க.

அடையாளம் ரெண்டு. குறி நுனியில ரத்தம் தெரியும். அடிவயிறு உப்பி வலிக்கும், ஆனா ஒரு சொட்டு ஒன்னுக்கு வராது. இதைப் பார்த்தா கேஸுவால்டியில முதல்லயே சொல்லிடுங்க. வலுக்கட்டாயமா ட்யூப் செலுத்தினா, பாதி கிழிஞ்சது முழுசா அறுந்துபோகலாம். குழாயில மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். கிழிஞ்சிருந்தா பெரும்பாலும் அடிவயித்துல துளை போட்டு, நீர்ப்பைக்கே நேரா ட்யூப் வைப்பாங்க.

அப்புறம் மூணு மாசம் காத்திருக்கணும். வீட்டுல சண்டை வர்றது இங்கதானுங்க. "ஏன் உடனே ஆபரேஷன் பண்ணலை?"ம்பாங்க. உள்ளே தேங்கின ரத்தம் வத்தணும், மேலே ஏறின நீர்ப்பை கீழே இறங்கணும், தழும்பு இறுகணும். அவசரப்பட்டுத் திறந்தா ரத்தப்போக்கு அதிகம், சிறுநீர் கட்டுப்படாம போற ஆபத்தும் இருக்கு.

ஆபரேஷன், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல கீறித்தான். தழும்பை முழுசா எடுத்துட்டு, நல்ல நுனி ரெண்டையும் இழுவிசை இல்லாம தைக்கணும். இடைவெளி அதிகமா இருந்தா இடுப்பெலும்போட கீழ் விளிம்பைக் கொஞ்சம் செதுக்கி வழியைச் சுருக்குவோம். பிறகு மூணு நாலு வாரம் ட்யூப் இருக்கும். கைதேர்ந்தவங்க செஞ்சா பத்துல ஒன்பது பேருக்குச் சரியாகும்.

முதல் ஆபரேஷன்தான் நல்ல வாய்ப்பு, ரெண்டாவது எப்பவும் கஷ்டம். முழுசா அறுந்த குழாயை கேமரா விட்டு உள்ளேயே வெட்டித் திறக்கறது பெரும்பாலும் நிலைக்காது. மறுபடி மறுபடி அடைக்கும், செலவும் அலைச்சலும்தான் மிச்சம். இதையே வழக்கமாச் செய்யற இடமாப் போங்க. புனேயில டாக்டர் சஞ்சய் குல்கர்னியோட மையத்துக்கு வெளிநாட்டுல இருந்தும் வர்றாங்க.

பணத்துக்குப் பயந்து நிக்க வேண்டாம். 2021 டிசம்பர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, தமிழ்நாட்டுக்குள்ள விபத்துன்னா முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தரும். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. மூணு மாசம் கழிச்சு வர்ற ஆபரேஷனுக்கு உங்க காப்பீடு தருமான்னு தனியாக் கேட்டு வைங்க.

இன்னொண்ணு. விறைப்பு குறையறதும் இந்தக் காயத்தோட வரும். அடிபட்டப்பவே நரம்பும் ரத்தக்குழாயும் பாதிக்கப்படறதுதான் பெரும்பாலும் காரணம். சிலருக்கு ஒன்றிரண்டு வருஷத்துல மீளும், இல்லைன்னாலும் மருந்து இருக்குங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுப் பதிஞ்சுக்கோங்க, மனைவியையும் பக்கத்துல வச்சுக்கிட்டே.

கேள்வி இருந்தா கேளுங்க. இங்கே கூச்சமா இருந்தா, சாயங்காலம் வாக்கிங் வருவேன், அப்பப் பிடிச்சுக்கோங்க.