முதுமைக்கு இன்றே விதைப்போம்



பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் 1920-இல் பிறந்த நானம்மாள், சிறுவயதில் கற்ற யோகாசனத்தைத் தள்ளாத வயதிலும் விடவில்லை. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2019-இல் 99-ஆம் வயதில் மறைந்தார்.

“நாங்க தோட்டத்துல பாடுபடறது பத்தாதுங்களா?” என்பீர்கள். உழைப்பு நல்லதுதானுங்க. ஆனால் இரத்தக்கொதிப்பு வலி காட்டாது. “இப்ப நல்லா இருக்கறேன்” என்று மாத்திரையை நிறுத்தினால், ஒருநாள் பக்கவாதம் வந்து கைகால் விழுந்துவிடலாம். அப்புறம் தாங்குவது யார்? உங்கள் துணைதானே!

ஆகவே, 30 வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கொருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொதிப்பும் சர்க்கரையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம். ராகிக்களி, கீரை, கொள்ளு சேருங்கள். புகையிலை, மது விடுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வரும்போது தனியாக வராதீங்க, ஜோடியாக வாங்க!