உடலும் உள்ளமும் ஒருங்கு நோக்கல்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டும் இலக்கியச் சுவை பற்றி யாதேனும் உரைக்குமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். யாமோ வேறொரு பொருளை வேண்டிப் பெற்றோம். மணமக்களுக்கிடையே தோன்றும் உடற்குறை, உளக்குறை பற்றித் தாய்மார் வீற்றிருக்கும் அவையிற் பேசுதல் தகுமோ என்று முதியோர் சிலர் ஐயுற்றனர். இல்லத்துள் பேசாது விடுத்த பொருள் வேறெங்கே பேசப்படுகின்றது என்பதைப் பேருந்து நிலையத்துச் சுவர்களைக் கண்டோர் அறிவர். கூசத்தக்க சொல் ஒன்றும் எம் வாயினின்று வாராது. அஞ்சற்க.

மூன்றாண்டுகட்கு முன் இதே கூடத்தில் ஒரு வழக்கு வந்தது. மணமாகி இரு திங்கள் நிறையுமுன் பெண் பிறந்தகம் சென்றுவிட்டாள். மாப்பிள்ளை இல்லறத்திற்கு உரியர் அல்லர் என்று பெண்ணைப் பெற்றார் முறையிட்டனர். அவ்விளைஞரை நடுவில் நிறுத்தி வினவினோம். அவர் தலை கவிழ்ந்து நின்றார். விடை ஒன்றும் கூறவில்லை. வாய் வாளாமையே ஒப்புதல் எனக் கொண்டு, நகையையும் சீரையும் திருப்பித் தருக எனத் தீர்ப்பெழுதி, 'மணமகன் குறையுடையவர்' என்றொரு வரியையும் குறிப்பேட்டிற் சேர்த்தோம். கையொப்பமிட்டவருள் யாமும் ஒருவர். அவ்விளைஞரோ எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர். அவர் இசைவு பெற்றே இதனை ஈண்டு உரைக்கின்றோம்.

எட்டு நாள் கழித்து ஓர் அந்திப்பொழுதில் அவர் எம் இல்லத்திற்கு வந்தார். பதினாறு வயதில், உறக்கத்தில் விந்து கழிதல் கண்டு அஞ்சினாராம். பத்தொன்பதில் சுவரொட்டி ஒன்றைக் கண்டு, விடுதி அறையொன்றில் தங்கியிருந்த ஒருவனிடம் சென்றாராம். அவன் அவருடைய சிறுநீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்தி வெளிச்சத்திற் காட்டி, 'உயிர் கரைந்து போகின்றது' என்றானாம். அன்றுமுதல் ஆறாண்டு இலேகியம், பொடி, தைலம். தந்தையார் அணிவித்த மோதிரமும் அவ்வழியே போயிற்று. மணநாள் இரவில், உயிர் கரைந்து போனவன் யாது செய்ய இயலும் என்ற எண்ணம் ஒன்றே அவர் நெஞ்சில் நின்றது. இவ்வளவும் கூறியபின், "ஐயா, எட்டாம் வகுப்பில் தாங்களும் அதனையே அன்றோ கூறினீர்கள்?" என்றார்.

உண்மை. பழமொழி விளக்கம் நடத்துங்கால், ஒரு துளி இழப்பது நாற்பது துளிக் குருதி இழப்பதாகும் என்று சிறுவர் முன்னிலையில் முழங்கியவர் யாமே. எமக்கு எம் ஆசிரியர் கூறினர், யாம் ஆராய்ந்திலம்.

மறுவாரம் அவரை மாவட்டத் தலைநகரிலுள்ள மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் ஒரு பெண்மணியார். யாம் தயங்கினோம், அவர் தயங்கவில்லை. ஆறாண்டுக் கதையையும் இடைமறியாது கேட்டார், நகைத்தாரல்லர். நெஞ்சில் ஒரு வரிசை வைத்துக்கொண்டே அவர் வினவினார் என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று. முதற்கண் உடல். குருதியிற் சர்க்கரை, குருதி அழுத்தம், தைராய்டு ஆகியவற்றை ஆய்வித்தார். நீரிழிவும் குருதிக்குழாய் நோயும் சிலருக்கு முதன்முதல் இக்குறையாகவே வெளிப்படுமாம். அவற்றை நோக்காது மனப்பிரமை என்று தள்ளுதல் பெரும்பிழை என்றார். விடியற்காலையில் உடல் இயல்பாகக் கிளர்கின்றதா என்றும் வினவினார். ஆம் என்ற விடை வந்ததும், நரம்பும் குருதியோட்டமும் பெரும்பாலும் செவ்வையாகவே உள்ளன என்று தேற்றினார்.

அடுத்து உள்ளம். உறக்கம் உண்டா, உணவு செல்கின்றதா, வாழ்வு வெறுத்ததா என்று கேட்டார். அக்கூட்டத்திற்குப் பின் இருமுறை கிணற்றடிவரை சென்று மீண்டதாக இளைஞர் கூறினர். யாம் கையொப்பமிட்ட தாளின் எடை அன்றுதான் எமக்குத் தெரிந்தது. மனச்சோர்வுக்கு மருந்து தந்த மருத்துவர், இவ்வகை மருந்துகளுட் சில தாமே இன்ப வேட்கையைக் குறைத்தலும் உண்டு, அவ்வாறாயின் தாமாக நிறுத்தாது தம்மிடம் கூறுக என்று முன்னரே எச்சரித்தார். விடுதியில் வாங்கிய பொடியை அன்றே நிறுத்தச் செய்தார். இத்தகைய பொடிகளில் மேனாட்டு மாத்திரையை இடித்து மறைவாகக் கலத்தல் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உண்போர் அதனை உட்கொண்டால் குருதி அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே இறுதி நேரலாம்.

மூன்றாவது நம்பிக்கை. விந்தென்பது பெரும்பாலும் விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர். ஒருமுறை கழிவது 2 முதல் 5 மில்லி லிட்டர் அளவே. உடல் அதனை மீண்டும் மீண்டும் ஆக்கிக்கொள்கின்றது. உறக்கத்திற் கழிதல் இளமையின் இயல்பு என்று படம் வரைந்து காட்டினார். குவளையிற் கண்ட கலங்கல், உணவின்வழி வரும் பாஸ்பேட் உப்பாகவும் இருக்கலாமாம்.

இவ்வச்சம் ஒருவருடையதன்று. 1960ஆம் ஆண்டில் நரேந்திர நாத் விக் என்னும் மனநல மருத்துவர் இதனைத் தனியே வகுத்து, தாது என்னும் சொல்லினின்று 'தாத்' நோய்க்குறி எனப் பெயரிட்டார். 1963இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிலையத்தில் மனநலப் பிரிவைத் தொடங்கியவரும் அவரே. இத்தகையோரை ஏளனம் செய்யாமலும் வாதிட்டு வெல்ல முயலாமலும் பரிவுடன் கேட்டு, பிழையான எண்ணத்தைத் திருத்தி, வேண்டுமிடத்து மருந்தும் தருதல் வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என உடற்தாது ஏழென்பது நம் மருத்துவ மரபு. அவ்வரிசையில் சுக்கிலம் இறுதியில் நிற்றலின், அஃது ஏனையவற்றின் பிழிவு என்று மக்கள் கொண்டனர். இதுபற்றிச் சித்த மருத்துவத்தைப் பழித்தோம் என்று கொள்ளற்க. கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்ற சித்த மருத்துவர் வேறு, விடுதி அறையில் மோதிரம் கழற்றுவோன் வேறு.

கீழ்நாட்டார்க்கே உரிய பேதைமை என்றும் கருதற்க. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து மருத்துவர் தீசோ என்பார், 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலொன்றில் இதே அச்சத்தை விதைத்தார். ஓர் அவுன்ஸ் விந்திழப்பு நாற்பது அவுன்ஸ் குருதியிழப்புக்கு ஒப்பாம் என்பது அவர் கணக்கு. எம் வகுப்பறை நாற்பதும் அவர் நாற்பதும் ஒத்திருத்தலைக் கண்டு யாம் நாணினோம்.

மேனாட்டிலும் மருத்துவர் நெடுநாள் ஒருபாற் சாய்ந்தே நின்றனர். எல்லாம் குழந்தைப் பருவத்து உளச்சிக்கல் என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார் ஒரு சாரார். 1970இல் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் இருவர், நோயாளர் ஒருவர் அல்லர், கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே அழைத்துப் பயிற்சி தருக என்றனர். வியன்னாவிற் பிறந்து நியூயார்க்கில் பணிசெய்த ஹெலன் சிங்கர் காப்லான் என்னும் மனநல மருத்துவப் பெண்மணியார், 1974இல் வெளியிட்ட நூலில் இவ்விரு நெறியையும் இணைத்தார். தோல்வியச்சம் போன்ற அணித்தாகிய காரணத்தை முதலிற் பயிற்சியால் நீக்குக. அது நீங்காவிடின் ஆழத்துள்ள காரணத்தை ஆராய்க என்பது அவர் முறை. 1998இல் சில்டெனாபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபின், எல்லாம் குருதியோட்டமே என்று மறுபுறம் சாய்ந்தோரும் பலர். மாத்திரை குருதியோட்டத்திற்கு உதவும். நாவடைத்து நிற்கும் இருவரைப் பேசவைக்க அதனால் ஆகாது.

நம் மாணவரின் மனைவியாரையும் மருத்துவர் வரவழைத்தார். உடன் வந்த தாயாரை வெளியில் அமரச் செய்தார். அதன் பின்னரே அப்பெண் வாய் திறந்தாராம். கணவர் தம்மை விரும்பவில்லை, வேறெவளையோ எண்ணியிருக்கின்றார் என்பதே இரு திங்களாக அவர் கொண்டிருந்த துயரம். இவ்வெண்ணத்தை இக்கூடத்தில் எவரும் கேட்டிலோம். கேட்கும் பெண்டிர் ஒருவரும் நம் நடுவர் குழுவில் இலர். சில வாரம் கூடாதிருக்க என இருவருக்கும் மருத்துவர் விதித்த விதி எமக்குப் பெருவியப்பு. தேர்வு உண்டென்றால் அஞ்சும் மாணவனுக்குத் தேர்வே இல்லை என்றாற் போன்றது அது. உடனிருத்தல், உரையாடல், கைபற்றி அமர்தல், இவ்வளவே அவர்கட்கு இட்ட பணி. அச்சம் தணியத் தணிய ஏனையவை படிப்படியாக.

பெண்டிர் குறைகளும் இவ்வாறே மறைவில் உள்ளன. வெள்ளைபடுதலால் உடல் உருகுகின்றது என்று ஏங்குவோர் பலர். அது சிறிதளவில் இயல்பு. நாற்றமோ அரிப்போ உண்டாயின் மருத்துவம் வேண்டும். அச்சத்தால் உடல் தன்னையறியாது இறுகிக் கூட்டத்திற்கு இடந்தராத நிலையும் உண்டு. அது பிடிவாதமன்று, தீரக்கூடியது. இத்தகைய பெண்ணொருத்தியை நாம் முன்னொருகால் 'அடங்காதவள்' என்று அனுப்பியிருப்போமோ என நினைக்க நெஞ்சு நடுங்குகின்றது.

இன்பத்திறன் பெருக்கும் மருந்தென விளம்பரம் செய்தலை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. சுவரொட்டியோ நாடோறும் புதிதாகின்றது. நம் கட்டடத்தின் பின்சுவரிலும் ஒன்று உளது, வரும்பொழுது கண்டோம்.

நம் மாணவர் இல்லத்திற்கு அவர் மனைவியார் சென்ற தைத்திங்களில் மீண்டு வந்தனர். நகைகளை மட்டும் இன்னும் பிறந்தகத்திலேயே வைத்துள்ளனர். அஃது அவர் விருப்பம். இனி இத்தகைய வழக்கு வரின், மருத்துவரைக் காணாமுன் எதனையும் எழுதாதிருக்குமாறும், நடுவர் குழுவில் தாய்மார் இருவரைச் சேர்க்குமாறும் வேண்டுகின்றோம். மூன்றாண்டுக்கு முன் எழுதிய அவ்வரி குறிப்பேட்டில் இன்னும் அழியாதுள்ளது. செயலாளர் அவர்கள் ஏட்டைக் கொணர்ந்து மேசைமேல் வைத்திருக்கின்றனர். அதனை அடித்தெழுத அவை இசையுமாயின், முதற் கையொப்பம் யாம் இடுகின்றோம்.