சினை நிற்காத பசுவும் நாம் விசாரிக்காத காளையும்

கடலை நம்பி வாழும் தொண்டியில் மாட்டைப் பற்றிப் பேசக் கூடியிருப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மூன்று தடவை கருவூட்டல் ஊசி போட்டும் சினை நிற்காத பசு நம் பக்கத்தில் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். தாது உப்பு கொடுத்துப் பார்ப்பார்கள், கர்ப்பப்பையைக் கழுவிப் பார்ப்பார்கள், கடைசியில் தரகர் கைக்குப் போய்விடும். தீவனக் குறைவும் பருவம் தப்பி ஊசி போடுவதும் இங்கே பெரிய காரணங்கள்தாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காளையை யாரும் விசாரிப்பதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் ஃபிளெக்ஃபீ இனக் காளைகளைப் பற்றி 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சில காளைகளின் விந்தணு நுண்ணோக்கியில் குறையே இல்லாமல் இருந்தது: தலை சரி, வால் சரி, ஓட்டமும் சரி. ஆனாலும் நூறு பசுக்களுக்கு ஊசி போட்டால் இரண்டுகூடச் சினைப்படவில்லை. டிஎம்இஎம்95 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறி, விந்தணுவின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய ஒரு புரதம் உருவாகாமலே போயிருந்தது. அந்தப் புரதம் இல்லாத விந்தணு முட்டைவரை போய்ச் சேர்ந்தாலும் அதனோடு இணைவதில்லை என்பதைப் பின்னால் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் காளை மலடாகும். ஒரு பிரதி மட்டும் உள்ள காளை நன்றாகவே கன்று தரும். பழுதையும் சத்தமில்லாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்திவிடும்.

குரோமோசோம் கோளாறு இதைவிடப் பழைய செய்தி. மாட்டுக்கு 60 குரோமோசோம். முதலாவதும் இருபத்தொன்பதாவதும் ஒட்டிக்கொண்டு 59 ஆகிவிட்ட மாடுகளை 1964-இல் சுவீடனில் கண்டார்கள். இப்படிப்பட்ட காளை பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும். அதன் கருக்களில் சில தொடக்கத்திலேயே கலைந்து, பசு மறுபடி பருவத்துக்கு வரும். நம் நாட்டு உறைவிந்து நிலையங்களில் குரோமோசோம் ஆய்வு கட்டாயம். ஹோல்ஸ்டீன் வழிக் காளைகளுக்கு பிஎல்ஏடி, சிட்ருலினீமியா போன்ற பரம்பரைக் குறைகளுக்கான சோதனையும் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சோதனைகள் கன்றைக் காப்பதற்கானவை. விந்தணுவை முடக்கும் மரபணுப் பிழை அவற்றில் சிக்காது.

புலிக்குளம் மாட்டை நினைத்தால் எனக்குக் கவலை கூடுகிறது. கிடையில் பசுக்கள் பல, பொலிகாளைகள் சில. ஒரே காளை ஆண்டுக்கணக்கில் நின்றால் அதன் மகள்களே அதனோடு சேரும். மறைந்திருக்கும் பழுது இரண்டு பக்கமும் வந்து கூடும். கிடைக்குக் கிடை காளையை மாற்றிக்கொள்வது செலவில்லாத காப்பு. மானாமதுரையில் இந்த இனத்துக்கென இருக்கும் ஆராய்ச்சி நிலையம் இதில் கிடை மேய்க்கும் கீதாரிகளுக்குத் துணை நிற்க வேண்டும். பழுதுள்ள மரபணு ஒன்று தெரிந்தால் அந்தக் காளையை உடனே கழிக்கச் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எண்ணிக்கை குறைந்த இனத்தில் நல்ல குணங்களும் அதோடு சேர்ந்து போய்விடும். அதே பழுதுள்ள பசுவோடு சேர்க்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பழுதுள்ள காளையைக் கண்டுபிடிக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. கால் மில்லி பிடிக்கும் உறைவிந்துக் குச்சியை எடுத்துப் பாருங்கள். திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து, துடைத்து, நுனியை வெட்டி ஊசி போடுகிறோம். குச்சியின் மேல் காளையின் எண் அச்சடித்திருக்கிறது. பசுவின் காது வில்லையில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பதிய அரசின் கணினிப் பதிவேடும் இருக்கிறது. ஊசி போட்ட தேதியைப் பதிகிறோம். சினை நின்றதா என்ற கட்டம் பல இடங்களில் காலியாகவே கிடக்கிறது. அதை ஒழுங்காக நிரப்பினால், எந்தக் காளையின் ஊசி மட்டும் திரும்பத் திரும்பத் தவறுகிறது என்று ஓராண்டில் தெரிந்துவிடும். அந்தக் காளையின் ரத்தத்தை எடுத்து மரபணு ஆய்வுக்கு அனுப்பலாம்.

பிற்பகல் அமர்வில் களப்பணியாளர்கள் பேசும்போது, சினை பார்க்கத் திரும்பிப் போவதற்கு வண்டியா, நேரமா, படியா, எது தடை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தீர்மானத்தில் முதல் வரியாக அதையே எழுதிச் சென்னைக்கு அனுப்புவோம். இப்போது முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.