எண்களின் ஆகுபெயர்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவத் துறையில் தரவு அறிவியலாளர் ஆவது எப்படி என்று நம் வட்டத்து இளைஞர் இருவர் என்னைக் கேட்டனர். கவிதைக்குரிய அவையில் அதற்கு விடை கூறலாமா என்று தயங்கினேன். பின்னர், நீங்கள் நன்கறிந்த இலக்கணத்திலேயே அவ்விடை இருக்கக் கண்டு துணிந்தேன்.

'ஊர் சிரித்தது' என்கிறோம். சிரித்தது ஊரன்று, ஊரில் வாழும் மக்கள். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவது ஆகுபெயர். என் தொழிலும் அத்தகையதே. நோயாளியின் துன்பத்தை நேராக அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. குருதியழுத்தம், படுக்கையில் கிடந்த நாள்கள், மருந்துச் சீட்டு ஆகியவற்றை அத்துன்பத்திற்கு ஆகிவரச் செய்கிறோம்.

இத்தொழிலுக்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது புள்ளியியல், அடுத்தது கணிப்பொறி நிரல். இவ்விரண்டையும் கல்லூரியில் கற்றேன். மூன்றாம் படியைக் கற்பித்தவர் ஒரு மருத்துவமனையின் மூத்த செவிலியர். எந்த நோயாளியின் நிலை மோசமாகும் என்று முன்னறியும் கணிப்பொன்றை அமைத்தபோது, குருதியழுத்தம் எழுதப்படாத கட்டங்களையெல்லாம் 'இயல்பு' என நிரப்பியிருந்தேன். கணக்கு அழகாக வந்தது. அவர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்லா இருந்ததால எழுதாம விட்ட இடமில்லை இது. நாற்பது பேருக்கு ரெண்டு பேரா நின்ன ராத்திரி" என்றார். சொல்லாமல் விட்ட இடத்திற்கும் பொருளுண்டு என்பது உங்களுக்குப் பழைய செய்தி. எனக்கோ அன்றுதான் விளங்கிற்று.

என் பிழை ஒரு வார்டில் பிடிபட்டது. அமெரிக்காவில் இதனினும் பெரிய பிழை பல்லாயிரவரைத் தொட்டது. சிறப்புக் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்த கணிப்புமுறை ஒன்று, நோய்க்கு ஆகுபெயராகச் செலவைக் கொண்டது. ஆனால் மருத்துவ வசதியை எட்டுவதில் தடைகள் இருந்தமையால், அதே அளவு நோயுற்ற கறுப்பின மக்களுக்காகச் செலவிடப்பட்ட தொகை குறைவு. கணிப்போ அவர்களை நோய் குறைந்தவர் என்று தள்ளிற்று. இதனை 2019ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் நால்வர் வெளிப்படுத்தினர். பிழையை நீக்கினால் கூடுதல் உதவி பெறுவோருள் கறுப்பினத்தவர் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயரும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அந்நால்வருள் சியாத் ஒபர்மேயர் அவசர சிகிச்சை மருத்துவராயிருந்தவர். செந்தில் முல்லைநாதன் பொருளியல் அறிஞர். இத்துறைக்கு வாயில்கள் பல என்பதற்கு இவர்களே சான்று.

அக்கணிப்பில் இனம் என்ற கட்டமே இல்லை என்பதை இங்குக் கருத வேண்டும். கூட்டல் பிழையும் இல்லை. ஒரு சொல் தவறான பொருளுக்கு நின்றது, அவ்வளவே.

இளைஞர்களே, புள்ளியியலைக் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். நிரல் எழுதப் பழகுங்கள். பிறகு ஓரிரவேனும் வார்டில் நின்று, அந்த எண்ணை எழுதும் கையைப் பாருங்கள். இந்தச் சொல் இங்கு எதற்காக நிற்கிறது என்று ஒவ்வொரு கவிதையிலும் கேட்கப் பழக்கியது இவ்வட்டம். அக்கேள்வியை நான் அன்று என் கணக்கிடமும் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். அதற்காக வட்டத்திற்கு என் நன்றி.