தூக்கமும் மனச்சோர்வு மாத்திரையும்

(தேவராவில் தமிழ்க் கற்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேவராவில் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்க ஒரு கொசு போதும். வலை கட்டினால் தூக்கம் வந்துவிடும். ஆனால் சிலருக்கு வலை கட்டியும் தூக்கம் வருவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு பிடிப்பதில்லை. வேலையில் மனம் ஒட்டுவதில்லை. காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. இப்படி இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இது சோம்பல் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைக் கடந்து சேதி கொண்டு போகின்றன சில ரசாயனங்கள். செரடோனின், நாரட்ரினலின், ஹிஸ்டமின் ஆகியவை அவற்றுள் மூன்று. பகலில் நம்மை விழிப்போடு வைப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. தூங்கும்போது இவை குறைகின்றன.

இது எப்படித் தெரிந்தது?

சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் தூக்கத்துக்குக் கொடுத்து வந்தார்கள். 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ரத்தக் கொதிப்புக்கு அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனம் சோர்ந்து போனது. மூளையில் அந்த ரசாயனங்களை அது குறைக்கிறது என்று பிறகு கண்டார்கள். அதே காலத்தில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் மருந்து நோயாளிகளுக்கு உற்சாகம் தந்தது. அது அந்த ரசாயனங்களைக் கூட்டியது. மனச்சோர்வு மருந்துகள் பிறந்த கதை இது. ஆனால் ரசாயனக் குறைவு ஒன்றே நோய்க்குக் காரணம் என்று இன்று சொல்வதில்லை. துயரம், கடன், குடி, உடல்நோய், பரம்பரை இவையும் சேர்கின்றன.

மாத்திரை தூக்கத்தை என்ன செய்கிறது?

துணி வெளுக்கும் ஓர் அம்மாவை எண்ணிப் பாருங்கள். மனச்சோர்வுக்கு மருத்துவர் மாத்திரை தருகிறார். மூன்றாம் நாள், இருந்த தூக்கமும் போகிறது. 'இந்த மருந்து ஆகாது' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார். நோய் முற்றுகிறது.

நடந்தது என்ன? ஃப்ளூவாக்ஸ்டின் போன்ற மாத்திரைகள் செரடோனினைக் கூட்டுகின்றன. முதல் சில நாள் தூக்கம் கெடலாம். அதனால் இதைப் பெரும்பாலும் காலையில் சாப்பிடச் சொல்வார்கள். அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் போன்றவை ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. சளி மாத்திரை சாப்பிட்டால் கண் சொக்குகிறதே, அதே காரணம்தான். அதனால் இவற்றை இரவில் தருவார்கள்.

மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சிலருக்கு இன்னும் நாளாகும். விதைத்த மறுநாளே யாரும் கதிர் அறுப்பதில்லை அல்லவா?

நினைவில் வைக்க வேண்டியவை:

மாத்திரையைக் காலையில் சாப்பிடுவதா, இரவிலா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தூக்கம் கெட்டால் அவரிடம் சொல்லுங்கள். நேரத்தையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார்.

நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், கெட்ட கனவு, தூக்கமின்மை வரலாம்.

கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். டயஸிபாம், அல்பிரசோலம் போன்றவை பழக்கமாகிவிடும். மனச்சோர்வு மாத்திரை அப்படி அடிமையாக்குவதில்லை.

சாராயம் தூக்கம் தருவது போலத் தோன்றும். நடு இரவில் எழுப்பிவிடும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. பேசக் கட்டணம் இல்லை. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட யாரும் வெட்கப்படுவதில்லை. மனச்சோர்வும் ஒரு நோய்தான். பக்கத்து வீட்டில் யாராவது தூங்காமல் உட்கார்ந்திருந்தால், இன்று கேட்டதை அவருக்கும் சொல்லுங்கள்.