கொல்லிமலையின் ஈவ்லின் அம்மையார்

முள்ளுக்குறிச்சியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகின்ற கொல்லிமலையில், பாதையும் வைத்தியமும் அரிதாயிருந்த காலத்திலே, மனைவி ஈவ்லினோடு தங்கி மலைமக்களுக்குச் சிகிச்சை செய்துவந்த பாதிரியார் ஜெஸ்ஸி பிராண்ட், 1929ஆம் ஆண்டில், மலேரியாவின் கொடிய வடிவான கருநீர்க் காய்ச்சலுக்கு இரையானார். பிள்ளைகள் இருவரும் கல்வியின் நிமித்தம் இங்கிலாந்தில் இருக்க, 50 வயதான ஈவ்லின் அம்மையார் தன்னந்தனியராய் நின்றார். பின்னாளில், வயதாகிவிட்டதென்று மிஷன் சபையும் ஓய்வளித்துவிட்டது.

கணவரை இழந்து, மக்களைப் பிரிந்து, உத்தியோகமும் போனபின் தாய்நாடு திரும்பி இளைப்பாறியிருந்தால் உலகம் குறை சொல்லியிராது. அம்மையாரோ, எழுபதை நெருங்கும் பிராயத்தில், சுயேச்சையாக மீண்டும் மலையேறினார். எலும்பு முறிந்த பின்னும், மட்டக்குதிரை மீதும், முதுமையில் இரு மூங்கில் கழிகளை ஊன்றியும் கிராமம் கிராமமாகச் சென்றார்.

அங்கே பெரும் உபத்திரவம் நரம்புச்சிலந்தி. அசுத்தமான குடிநீரோடு உட்புகுந்து, காலைத் துளைத்து வெளிவரும் அப்புழு, அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும் ஆதலால், அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக, வாரக்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். நோயாளிக்கும் வைத்தியருக்கும் இதனினும் பெரிய பொறுமைச் சோதனை இல்லை என்பேன்.

மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் கீர்த்தி பெற்றார். அம்மையார் 1974இல், 95 வயதில் காலமாகி, மலையிலேயே கணவரின் அருகில் அடக்கமானார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நரம்புச்சிலந்தி அற்ற தேசமென அறிவித்தது.