நோயாளி வரட்டும் என்று காத்திருப்பதா?

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில் உள்ளூர்ப் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்பது நம்மவர் வாக்கு. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவரைப் பார்த்து, "ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்று சொன்னால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் கிடைக்கிறது. "தலைச்சுற்றல் இல்லை, மயக்கம் இல்லை, இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடுகிறேன், எனக்கு எதற்கு டாக்டர்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இரத்த அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரிவதில்லை. சர்க்கரையும் தொடக்கத்தில் அப்படித்தான். கொழுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரமிங்ஹாம் என்று ஓர் ஊர். 1948-இல் அவ்வூர் மக்கள் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, யார் யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவர்கள் முன்பு எப்படி இருந்தார்கள் என்று ஆண்டுக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். புகைபிடித்தல், உயர்ந்த இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவை பல ஆண்டுகளுக்கு முன்பே வழி வகுத்துவிடுகின்றன என்று உலகம் தெளிவாக அறிந்துகொண்டது பெரிதும் அந்த ஊராரால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவை தனித்தனியே நின்று கெடுப்பதைவிட ஒன்றுகூடிக் கெடுப்பதுதான் அதிகம். முப்பத்தெட்டு வயது ஆசிரியை ஒருவர்; மேல் அழுத்தம் 146; வேறு குறை ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர். அழுத்தம் 138தான், ஆனால் சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் ஆசிரியைதான் ஆபத்தில் இருப்பதாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய வாய்ப்பு அந்தப் பெரியவருக்கே பல மடங்கு. ஆசிரியையையும் கவனிக்க வேண்டும், அவசரம் பெரியவருக்கு. இப்படிக் கூட்டிப் பார்ப்பதற்கென்றே 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் உலகை 21 பகுதிகளாகப் பிரித்து, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான அட்டவணைகளைத் திருத்தி வெளியிட்டது. இரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடங்களுக்கு, உயரத்தையும் எடையையும் கொண்டே கணக்கிடும் அட்டவணையும் அதில் உண்டு.

நம்மைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியும் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருவது தெரிந்தது. பிள்ளைகள் படித்து முடிக்காத வயது அது. வீட்டுக் கடனும் அடைந்திராது.

சரி, அளந்து பார்த்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா? இதற்கு இரண்டு ஊர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் கிளின்கொரூக் என்றொரு சுரங்கத் தொழிலாளர் கிராமம். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். 1961-இல் அங்கே பொது மருத்துவராக வந்து சேர்ந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். மருத்துவ வசதி மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதிப் பெயர் பெற்றவர் இவரே. (கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், தேர்தலில்கூட நின்றிருக்கிறார். நம் ஜூபிலி மலரில் அவர் பெயர் வருவதைப் பார்த்தால் அவரே சிரித்திருப்பார்.) அந்நாட்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்கும். ஆகையால் ஊரில் உள்ள அத்தனை பேர் பெயரும் அவர் கையில் இருந்தது.

அவர் செய்தது மிக எளிய காரியம். இருமல் என்று வந்தாலும் சரி, கைகால் வலி என்று வந்தாலும் சரி, சுரங்கத்து விடுப்புக்குச் சான்றிதழ் கேட்டு வந்தாலும் சரி, வந்தவரின் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டார். நான்கைந்து ஆண்டுகளில் ஏதாவது ஒரு காரணத்துக்காக மருத்துவரிடம் வராதவர் சிலர்தான் இருப்பார்கள். அந்தச் சிலர் யார் யார் என்பதையும் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்து, அவர்களையும் தேடி அளந்தார்கள். பெரியவர்கள் அனைவரையும் இப்படி அளந்து பார்த்த முதல் மருத்துவர் அவர் என்பார்கள்.

அளந்ததோடு அவர் விடவில்லை என்பதே விஷயம். அழுத்தம் ஏறியிருந்தவர்களைத் திரும்பத் திரும்ப வரவழைத்தார், வராதவரைத் தேடினார். மாத்திரை தின்கிறாரா, சிகரெட்டை விட்டாரா என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்தார். தாம் செய்யத் தவறியவற்றையும் சேர்த்தே எண்ணினார். இடையில் ஊர்ச் சுரங்கம் மூடப்பட்டு வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோதும் இந்தப் பணி நிற்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1991-இல், கணக்கை வெளியிட்டார்கள். அகால மரணங்கள் பக்கத்துக் கிராமத்தைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தன. ஒரு சிற்றூரின் கணக்கு இது; இதை வைத்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாதுதான். ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய கணக்கும் அல்ல.

இனி டென்மார்க். கோபன்ஹேகன் நகரத்தின் புறநகர்ப் பகுதியில் 1999-இல் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. முப்பதிலிருந்து அறுபது வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில், குலுக்கல் முறைபோல் 11,629 பேரைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பாதிப் பேர் வந்தார்கள். வந்தவர்களுக்கு எல்லாச் சோதனைகளும் செய்து, ஆபத்தில் இருப்பவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி, புகை பற்றி ஐந்தாண்டுகளில் நான்கு முறை வரை புத்திமதியும் சொன்னார்கள். பத்தாண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, அழைக்கப்பட்டவர்களுக்கும் அழைக்கப்படாதவர்களுக்கும் இடையே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ மரணத்திலோ வித்தியாசம் காணப்படவில்லை. 2014-இல் இந்த முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகில் பெரிய சர்ச்சை. இங்கிலாந்தில் 2009 முதலே 40 வயதிலிருந்து 74 வயது வரை உள்ளவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய பரிசோதனை நடந்து வருகிறதல்லவா? அது வீண்செலவா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். அழைப்பிதழ் அனுப்பினால் வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உடம்பைப் பேணுகிறவர்கள். வராத பாதியில்தான் ஆபத்து குடியிருக்கிறது. வந்தவர்களிலும், புத்திமதி கேட்டு வீட்டுக்குப் போனவர் வேறு, மாதந்தோறும் அளந்து மாத்திரையைத் தொடர்கிறவர் வேறு. கிளின்கொரூக்கில் மருத்துவர் ஒரே ஊரில் தங்கி, ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு கால் நூற்றாண்டு காலம் விடாமல் துரத்தினார். காப்பாற்றியது அந்தத் துரத்தல்தான், கருவி அல்ல.

நம் ஊரில் அப்படிப்பட்ட பட்டியல் எந்த மருத்துவரிடமும் இல்லை. காய்ச்சலுக்கு ஒருவர், சர்க்கரைக்கு இன்னொருவர், அவசரத்துக்கு மருந்துக்கடைத் தம்பி என்று போகிறோம். முகாம் போட்டால் கூட்டம் கூடுகிறது. சீட்டு வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறோம். சிலர் பணம் கட்டி மாஸ்டர் செக்-அப் செய்து, "ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது, இனிப் பயமில்லை" என்று திரும்புகிறார்கள். ஈ.சி.ஜி. அந்த நேரத்து நிலையைத்தான் காட்டும். வரப்போவதற்கு அது ஜாமீன் நிற்காது. மருத்துவர்களிடையே 'பாதிப் பாதி' என்றொரு கணக்கு உண்டு. அழுத்தம் உள்ளவர் 80 பேர் என்றால் 40 பேருக்கு அது தெரிவதே இல்லை. தெரிந்த 40 பேரில் மருந்து எடுப்பவர் 20. அவர்களிலும் கட்டுக்குள் இருப்பவர் 10. இடத்துக்கு இடம் எண்கள் மாறும், ஓட்டை மட்டும் இந்தப் படிகளில்தான் விழுகிறது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த ஓட்டையை அடைக்க எடுத்த முயற்சி. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் வந்தால் "எனக்கு ஒன்றும் இல்லை அம்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்.

மருத்துவரிடம் இல்லாத பட்டியல் பங்கில் இருக்கிறது. குடும்பப் பதிவேட்டில் எல்லார் பெயரும் உண்டு. பங்குத் தந்தையின் இசைவோடு அடுத்த ஞாயிறு முதல், இரண்டாம் பூசை முடிந்ததும், கெபிக்கு அடுத்த மறைக்கல்வி அறையில் முப்பது வயது தாண்டியவர்கள் எல்லாருக்கும் அழுத்தம் பார்க்கப்படும். அன்பியம் வாரியாக ஒரு நோட்டு இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது அதில் எழுதப்படாது. அது உங்கள் கைச்சீட்டில் மட்டுமே. வந்தாரா, வரவில்லையா என்பதே நோட்டில் இருக்கும். வராதவர் வீட்டுக்கு அந்த வாரமே ஆள் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வருவதற்கு அரைமணி நேரத்துக்குள் காபியோ பீடியோ வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கையை மேஜை மேல் வைத்த பிறகே அளக்க வேண்டும். 140-க்கு 90 என்றோ அதற்கு மேலோ இருந்தால் அன்றைக்கே நோயாளி ஆகிவிடமாட்டீர்கள். வேறு நாள்களில் மறுபடி பார்த்துத்தான் முடிவு. ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் மாத்திரை அட்டையையே எடுத்து வாருங்கள். "காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எனக்கு விளங்காது. வெள்ளை மாத்திரை நூறு இருக்கிறது.